பென்டிரைவில் வந்த நடை

அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் தயவுசெய்து பேனாவைத் திறந்துகொள்ளவும். செவலாறு மாவட்டத் தலைநகரில், ஆட்சியர் குடியிருப்புச் சாலை, பன்னிரண்டாம் எண் இல்லத்தில், செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து முப்பத்தைந்து மணியளவில், ஓய்வு பெற்ற மாவட்ட ஆட்சியர் திரு. இளஞ்செழியன் அவர்களின் இரு கால்களும், ஒரு கல்யாண வீடியோ பென்டிரைவின் துணையோடு மீண்டும் இயங்கத் தொடங்கின. இந்நிகழ்வில் அன்னாரது துணைவியார் ஷண்முகப்பிரியா, ஜெராக்ஸ் கடை ஜாய்ஸ் ஆகியோர் கலந்துகொண்டு சிறப்பித்தனர். தேநீர் வழங்கப்பட்டது.

செவலாறு என்று ஒரு மாவட்டம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இது வருங்காலம். பிரிக்க முடிந்த மாவட்டங்களையெல்லாம் பிரித்து முடித்து, இரண்டு தாலுகாவுக்கு ஒரு கலெக்டர் என்று ஆகிவிட்ட காலம். அந்தக் கலெக்டர்களிலும் இளஞ்செழியன் தனி ரகம். அவர் ஆட்சி செய்த நான்கு ஆண்டுகளில் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அவர் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஒவ்வோர் அடியும் ஓர் அரசாணை போல விழும். மோவாய் மேலே, கைகள் பின்னால். வராந்தாவின் அந்தக் கோடியில் அவர் காலடி கேட்டாலே இந்தக் கோடியில் கிளார்க்குகள் எழுந்துவிடுவார்கள். எழுந்த பிறகு எதற்கு எழுந்தோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்ற மறு வருடம் கார் விபத்து. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று டாக்டர் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "இனி நடக்கவே முடியாதா?" என்பதல்ல. "இனி எப்படி நடப்பேன்?" என்பதுதான். அதற்கு மூவடி என்ற நிறுவனத்திடம் விடை இருந்தது. கால்களுக்கு உறை போல ஒரு இயந்திரச் சட்டம், இடுப்பில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கணினி. அவர் ரிப்பன் வெட்டப் போன நூற்றுக்கணக்கான விழா வீடியோக்களை வாங்கிப் பார்த்து, அவருடைய நடையை அப்படியே வடித்து அந்தப் பெட்டிக்குள் ஏற்றிக் கொடுத்தார்கள். மோவாயைத் தவிர மற்றதெல்லாம் இயந்திரம் பார்த்துக்கொண்டது. மோவாயை அவரே பார்த்துக்கொண்டார்.

நான்கு வருடம் நன்றாக ஓடியது. பிறகு மூவடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மாடல் பழையதாகிவிட்டது. மாத முடிவோடு அதற்கான சேவையை நிறுத்துகிறோம். எங்களோடு நடந்தமைக்கு நன்றி.

இளஞ்செழியன் பதில் எழுதினார். 'பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது' என்று தொடங்கி, தன் நடையையாவது தன்னிடம் திருப்பித் தருமாறு கோரி, நகல் மூன்று பேருக்கு. எதிர்முனையில் கடிதத்தைப் படித்தது ஒரு இயந்திரம். ஒப்பந்தத்தின் நாற்பதாம் பிரிவின்படி தாங்கள் நடக்கும் நடை எங்கள் சொத்து என்று அது அரை நொடியில் பணிவோடு தெரிவித்துவிட்டது. கீழே ஒரு பூப்படம்.

ஒன்றாம் தேதி காலை கட்டிலை விட்டு எழப் பார்த்தார். கால்கள் இரண்டும் மரக்கட்டையாகக் கிடந்தன.

ஜாய்ஸ் பொன்ராணி, கோர்ட்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். நாற்பத்தைந்து வயது. மனு டைப் அடிப்பது, லேமினேஷன், இவற்றுக்கு நடுவில், கம்பெனிகள் கைவிட்ட செயற்கைக் கை கால்களுக்கு உயிர் கொடுக்கிற ஒரு கூட்டத்தில் அவளும் உறுப்பினர். யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்த ஒரு இயங்குதளம் அவர்களுடையது. பெயர் பாதசாரி. ஷண்முகப்பிரியா போய்க் கூப்பிட்டதும் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள்.

"ஒரு பென்டிரைவ் வேணும் சார். அறுபத்துநாலு ஜி.பி.க்குக் குறையக் கூடாது."

"இந்தக் காலத்திலும் பென்டிரைவா?" என்றார் இளஞ்செழியன்.

"மூவடிக்காரன் மத்த வழியெல்லாம் அடைச்சுட்டான். இன்டர்நெட் வழியா போனா உள்ள விடமாட்டான். ரிப்பேருக்கு வாரவன் சொருகறதுக்குன்னு ஒரு ஓட்டைய மட்டும் விட்டு வச்சிருக்கான். பாதசாரிய பென்டிரைவ்ல ஏத்தி அதுல சொருகினா, பெட்டி கண்ணு முழிக்கும்போது மூவடிய எழுப்பாம நம்மள எழுப்பும். உள்ள இருக்கறத நாம தொடவே மாட்டோம். உருவிட்டா பழையபடி கட்டைதான்."

"இது சட்டப்படி..."

"சார், உங்க காலு, உங்க பென்டிரைவு. இதுல சட்டம் எங்க நுழையும்?"

பென்டிரைவுக்கு வீடு முழுக்கத் தேடினார்கள். தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் உருப்படியான பென்டிரைவ் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வெல்வெட் பெட்டிக்குள், தங்க முலாம் பூசி, மணமக்கள் பெயர் பொறித்து, வீடியோக்காரர் கொடுத்தது. பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கும். கொண்டுவந்து வைத்த நாளுக்குப் பிறகு அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஷண்முகப்பிரியா அதைத்தான் எடுத்து வந்தாள். மகள் கல்யாணம். நூற்று இருபத்தெட்டு ஜி.பி.

ஜாய்ஸ் தன் மடிக்கணினியில் சொருகினாள். திரையில் எச்சரிக்கை வந்தது: இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?

"பிள்ளையளோட கல்யாணமாக்கா?" ஜாய்ஸ் கை நின்றது. "வேற எங்கயாவது இதைப் போட்டு வச்சிருக்கியளா?"

"மாப்ள வீட்டுல ஒண்ணு இருக்கு. அவுகளும் பாத்திருக்க மாட்டாவ."

"யோசித்துச் செய்யலாம்," என்றார் இளஞ்செழியன். "அதில் நான் மண்டபத்துக்குள் நடந்து வரும் காட்சி இருக்கிறது. மிக நேர்த்தியாக வந்திருக்கும்."

"நேர்த்தியாத்தான் இருக்கு. வந்த அன்னைக்கு ஒருவாட்டி போட்டுப் பாத்தேன். நீங்க நடக்கறது மட்டும் நாப்பது நிமிசம். தாலி கட்டுறப்ப கேமரா உங்க முதுகுல இருக்கு. நான் வாரது ரெண்டு இடம், அதுலயும் ஒண்ணு சாப்பாட்டுப் பந்தியில." ஷண்முகப்பிரியா ஜாய்ஸைப் பார்த்தாள். "அழி தாயி."

அழிந்தது. ஒரு கல்யாணம், நானூறு விருந்தினர், ஒரு நாதஸ்வரக் கோஷ்டி எல்லாம் போய், அந்த இடத்தில் பாதசாரி உட்கார பதினொரு நிமிடம் ஆயிற்று.

பிறகு பெட்டியில் சொருகி, பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தாள். பச்சை விளக்கு மூன்று முறை சிமிட்டியது. கால்கள் லேசாக உதறின. பெட்டியிலிருந்து கரகரப்பான ஒரு குரல், "நடையைத் தேர்ந்தெடுக்கவும்," என்றது.

"என் நடையை," என்றார் இளஞ்செழியன்.

"அது மூவடிகிட்டதான இருக்கு சார். வீடியோவப் பாத்து நடைய வடிக்கற வித்தை எங்ககிட்ட கிடையாது. நாங்க ஆளக் கூட்டிட்டு வந்து, கால்ல சென்சார் கட்டி நடக்கவிட்டு எடுத்தது. மொத்தம் மூணு பேரு குடுத்திருக்காவ. மூணுல ஒண்ணு."

முதல் எண்ணை அழுத்தினாள். இளஞ்செழியன் விறைத்து எழுந்து, வலது காலை இடுப்பு உயரம் தூக்கித் தரையில் அறைந்தார். ஷோகேஸில் இருந்த நினைவுப் பரிசுகள் இரண்டு கவிழ்ந்தன. ஆயுதப்படைக் காவலர் ஒருவர் கொடுத்த நடை என்று ஜாய்ஸ் விளக்குவதற்குள் அவர் நேராகச் சுவரில் போய் முட்டி, அங்கேயும் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் எண் ஒரு நாட்டிய டீச்சருடையது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதுவது அவருடைய பதவிக்கு மரியாதையாக இராது. இடுப்பு சம்பந்தப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஷண்முகப்பிரியா சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் எண் அடக்கமானது. சின்னச் சின்ன அடி. பாரம் முழுக்கக் குதிகாலில், விரல்கள் தரையைப் பட்டும் படாமலும். உடம்பு லேசாக முன்னால் சாய்ந்து. இருபது அடிக்கு ஒரு முறை ஒரு கணம் நின்று, பின்னால் யாரோ வருகிறார்களா என்பது போல இடப்பக்கம் கொஞ்சம் திரும்பி, மறுபடி நடை.

"இது யார் கொடுத்தது?"

"பேரு போட வேண்டாம்னுட்டாரு. மூணு வருசம் முந்தி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல முகாம் போட்டோம். நடந்து குடுத்தா ஒரு பிரியாணிப் பொட்டலம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல யாரோ வந்து நடந்துட்டுப் போனாரு. ஆனா சார், இதுக்குத்தான் கிராக்கி. பதினோராயிரம் பேரு இறக்கி வச்சிருக்காவ. எந்தத் தரையிலயும் விழாது, அவ்வளவு பதனமான நடை. பிரேசில்ல ஒரு பாதிரியார் இதுலதான் பூசைக்குப் போறாராம்."

இளஞ்செழியன் அதையே வைத்துக்கொண்டார், தற்காலிகமாக. கோப்பிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

மறுநாள் உழவர் சந்தைக்குப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றாள் ஷண்முகப்பிரியா.

"கீரை விற்கிறவள் என்னை அண்ணாச்சி என்கிறாள்."

"அதுக்கு?"

"ஒருவன் தன் பையை என் கையில் கொடுத்து, 'கொஞ்சம் புடிங்க, சில்லறை எடுத்துக்கிடுதேன்' என்கிறான். நானும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்."

"பையில என்ன இருந்துச்சு?"

"சுரைக்காய்," என்றார் அவர், துயரத்தோடு.

ஆனால் அடுத்த நாளும் போனார். வேறு வழியில்லை, நடக்கத் தெரிந்த கால் வீட்டில் சும்மா இருக்காது. மூன்றாம் நாள் ஒரு கிழவர் அவரிடம் பட்டா கிடைக்காத கதையை முழுக்கச் சொன்னார். ஒரு பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரேஷன் கடைக்குள் போனாள். முப்பது வருடம் மக்கள் குறை கேட்டவர் அவர். குறை தீர்க்கும் நாள் என்று திங்கள்தோறும் மேடை போட்டு உட்கார்ந்தவர். ஒரு மனிதர் நடுவில் மைக் இல்லாமல் குறை சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் முறை. வீட்டுக்கு வந்து கிழவரின் கதையை ஒரு வரி விடாமல் ஷண்முகப்பிரியாவிடம் சொன்னார். ஷண்முகப்பிரியாவுக்கே அவரைப் பார்க்க ஒரு மாதிரியாக, நன்றாக இருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் அவர் இளஞ்செழியன் இல்லையே. ஒரு வாரத்தில் பணிவைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று ஆகிவிட்டது. பால்காரரிடம் பணிவைப் பற்றிப் பேசினார். கனடாவிலிருந்து பேசிய மகளிடம் நாற்பது நிமிடம் பணிவைப் பற்றிப் பேசினார். இருபது அடிக்கு ஒரு முறை நின்று திரும்புவது பின்தங்கியவனுக்காகக் காத்திருக்கும் பெருங்கருணை என்றார். ஓய்வு பெற்ற அதிகாரிகள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் 'பணிவெனும் பெருநடை' என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்ற ஒப்புக்கொண்டார். உரை தயாரானது.

"எத்தனை பக்கம்?" என்றாள் ஷண்முகப்பிரியா.

"பதினான்கு."

"பணிவப் பத்தியா?"

"சுருக்கியதுதான்."

அந்த வாரத்தில்தான் ஷண்முகப்பிரியா ஒன்றைக் கவனித்தாள். அவர் சந்தையிலிருந்து வரும்போது, நாற்பது அடி தள்ளி ஒரு பெண் வருகிறாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் காலிப் பை. அவர் நின்றால் நிற்கிறாள். வீட்டு வாசல் வரை வந்து, அவர் உள்ளே போனதும் கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். நாலு நாளாக இப்படி. ஐந்தாம் நாள் ஷண்முகப்பிரியாவே போய்க் கேட்டைத் திறந்து, "உள்ள வாங்க. யாரைத் தேடுதிய?" என்றாள்.

வந்தவள் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இளஞ்செழியன் எதிரே சோபாவில் இருந்தார். சிறப்புரை மடியில்.

"ஐயாவுக்கு என்னைத் தெரியாது. மாரிச்செல்வி. இசக்கிராஜா பொஞ்சாதி."

இளஞ்செழியனின் முகத்தில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை.

"டபேதாரா இருந்தாவ. ஐயாகிட்ட நாலு வருசம்."

டபேதார் என்றதும் தெரிந்தது. வெள்ளைச் சீருடை, குறுக்கே சிவப்புப் பட்டை, தலைப்பாகை. கலெக்டர் அறையை விட்டு வெளியே வந்தால் நான்கடி முன்னால் வழி விலக்கிக்கொண்டு போவான். பின்னால் ஐயா வருகிறாரா என்று அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்வான். நான்கு ஆண்டுகள் அந்த முதுகைப் பார்த்தபடிதான் இளஞ்செழியன் தன் புகழ்பெற்ற நடையை நடந்தார். அந்த முதுகுக்கு ஒரு பெயர் உண்டு என்பது இப்போதுதான் காதில் விழுந்தது.

"எப்படி இருக்கிறார்?" என்றார்.

"தவறிப் போயி ரெண்டு வருசமாச்சிங்கய்யா. நெஞ்சு வலி."

ஷண்முகப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாரிச்செல்வி வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"போன வாரம் சந்தையில ஐயா முன்னால போறிய. எனக்கு ஆளு தெரியல. நடைதான் தெரிஞ்சுது. அவுக நடை. எந்தக் கூட்டத்துலயும் எனக்குத் தெரியும். வேலை முடிஞ்சு சாயந்தரம் தெரு முக்குல அந்த நடையப் பாத்தாத்தான் அடுப்புல வெந்நி வைப்பேன். அன்னைக்கும் உங்களப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி, என்ன செய்யுதோம்னு தெரியாமலே வெந்நி போட்டுட்டேன். கொதிச்ச பொறவுதான் நினைப்பு வந்துச்சு."

இளஞ்செழியன் மடியில் இருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டார்.

"அம்மா," என்று தொடங்கினார் இளஞ்செழியன். குரல் உண்மையாகவே தழுதழுத்தது, அதைக் குறை சொல்ல முடியாது. "நீங்கள் பெருமைப்பட வேண்டும். உங்கள் கணவரின் நடை இன்று உலகெங்கும் பதினோராயிரம் பேரை நடக்க வைக்கிறது. என் போன்றவனுக்கே அது பணிவைக் கற்றுக்கொடுத்தது. அதற்கு இசக்கிராஜா நடை என்று பெயர் வைக்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் உங்களுக்கு ஒரு பொன்னாடை..."

"வேண்டாங்கய்யா." அவள் தலையை ஆட்டினாள். "அத அழிச்சிருங்க. முகாம்ல நடந்து குடுத்து பிரியாணி வாங்கிட்டு வந்தத அவுக அன்னைக்கே சொன்னாவ. அதக் கேக்கத்தான் நாலு நாளா வந்து வந்து போனேன்."

"அழிப்பதா?"

"வீட்டுல வெறுங்காலோட நல்லாத்தான் நடப்பாவ. வீசி நடப்பாவ. மகனே ஓடித்தான் கூட வரணும். இது அவுக நடை இல்ல. இது வலிங்கய்யா. ஆபீசு நேரத்து வலி. குதிகால ஊனி ஊனி, விரல் தரையில படாம. அங்கங்க நின்னு மூச்சு விட்டுக்கிடுவாவ, பின்னால பாக்கற மாதிரி. ராத்திரி காலை வெந்நியில வச்சாத்தான் தூக்கம். செத்த பொறவாவது அது போயிருக்கும்னு நினைச்சேன். பதினோராயிரம் பேருங்கறிய."

ஷண்முகப்பிரியா அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

இளஞ்செழியன் தன் கால்களைப் பார்த்தார். அவற்றில் அவருக்கு எந்த வலியும் தெரியாது. பின்பு, இடுப்புக்குக் கையைக் கொண்டுபோய், தங்க முலாம் பூசிய அந்தப் பென்டிரைவை உருவினார். பச்சை விளக்கு அணைந்தது. கால்கள் விறைத்து நீண்டன. மடியில் இருந்த பதினான்கு பக்கமும் சரிந்து தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க அவரால் முடியவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை.

"பிரியா, அந்த ஜெராக்ஸ் அம்மாவுக்குப் போன் போடு," என்றார்.

ஜாய்ஸ் முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த பதிப்புலேர்ந்து எடுத்துரலாம் சார். எங்காளுக கேப்பாவ. ஆனா ஏற்கெனவே ஆளாளுக்குப் பென்டிரைவ்ல ஏத்திட்டுப் போனத யாராலயும் திருப்பி வாங்க முடியாது. எல்லாருக்கும் பொதுன்னு குடுத்தது பாருங்க. அவங்களா அழிச்சாத்தான் உண்டு."

"அப்படியானால் எல்லோருக்கும் எழுது. காரணத்தையும் சேர்த்து எழுது."

"உங்களுக்கு நடக்க?"

"அதைப் பிறகு பார்ப்போம்," என்றார். அது அவர் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம்தான். ஆனால் இதுவரை மற்றவர்கள் விஷயத்தில் மட்டுமே சொல்லியிருந்தார்.

போனை வைத்தார். காரணம் எழுதச் சொன்னவருக்குக் காரணம் முழுக்கத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாரிச்செல்வி எழுந்து புறப்படத் தயாராக நின்றாள். அவருக்கும் எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. கால் வரவில்லை.

"அம்மா, ஒரு நிமிடம். அவருக்கு என்ன நோய்? சர்க்கரையா? வாதமா? பணியில் இருந்தபோது அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தினாரா?"

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லீங்கய்யா. மூணு வாட்டி மனு எழுதிக் குடுத்தாவ. ஐயா காலத்துலயும் ஒண்ணு குடுத்தாவ. விதியில இடமில்லன்னு திரும்பி வந்துட்டு."

"என்ன மனு?"

"பூட்ஸு," என்றாள் மாரிச்செல்வி. "அவுக காலு ஒம்பது. ஆபீசுல குடுத்தது எட்டு."